மூணாவது கூப்பாடு

...பதினோரு ஜூனியருங்க, பெரியவரே! பதினோரு பேரு! விழுப்புரத்துலயே எங்களுதுதான் பெரிய வக்கீலாபீசு. ஆனா திண்டிவனம் கோர்ட்டுக்குக் கேசு கட்டு தூக்கிக்கினு வர்றதுக்கு இந்தக் குமாஸ்தா விருத்தாசலம் ஒருத்தன்தான். இந்த டீக்கடை பெஞ்சியில குந்துங்க, டீ சொல்லியிருக்கேன். உங்க கேசு பன்னண்டு மணிக்கு மேலதான் வரும். இருபத்திரண்டு வருச சர்வீசுல சொல்றேன்.

இன்னிக்குக் காலைல பஸ்சுல நிக்கக்கூட எடமில்ல. உங்க கட்டக் கக்கத்துல இடுக்கிக்கினு ஒத்தக் காலுல வந்தேன். ஜூனியரு தம்பி காருல வந்து எறங்குறாரு, கோட்டு கசங்காம! கேசு ஜெயிச்சா பெரிய வக்கீலு வாதம். தோத்தா? குமாஸ்தா.

கேக்குதா? கோர்ட்டு வாசல்ல டவாலி கூப்புடுறான்... வல்லம் சவுரிராயனாம். எவனோ எங்கியோ குந்திக்கினு கதை அளந்துக்கினு இருப்பான். மூணு தடவ கூப்புட்டு ஆளு வரலன்னா எக்ஸ்பார்ட்டி. நெலம் எதிராளிக்கு. அவ்ளோதான்... எங்க எழுந்துக்கிறீங்க? டீ ஆறுதுல்ல!

எனக்குப் பார்ட்டி பேரெல்லாம் நிக்காதுங்க. நம்பருதான். நீங்க நூத்தி பதினாலு பை எண்பத்தி ரெண்டு. மல்லாட்டை வெதச்ச ஒரு ஏக்கரு நெலம், தன்னுதுன்னு பங்காளி போட்ட கேசு. இன்னிக்கு நீங்க கூண்டுல ஏறிச் சாட்சி சொல்லணும். கடைசி வாய்தா. பாத்தீங்களா, எல்லாம் மனப்பாடம்! அந்தப் பதினோரு பேருல எவனாச்சும் சொல்லுவானா?

ரெண்டாவது தடவயும் கூப்புட்டுட்டான்... அட இருங்க, துண்ட உட மாட்டேன். என்னமோ சொல்ல வர்றீங்க, நான் முடிச்சிட்றேன். போன மாசம் வெள்ளையம்மாள்னு ஒரு பார்ட்டி. ஆமா, அந்தப் பேரு மட்டும் நெனப்பிருக்குது, வாங்குன திட்டு அப்டி! எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சு. "இன்னொரு கேசு இந்த மாதிரி போச்சுன்னா நீ ஊட்டுக்குப் போயிடு"ன்னு பதினோரு பேரு எதுருல சொல்லிட்டாரு பெரிய வக்கீலு. மூணு பொண்ணு வச்சிக்கினு நான் எந்த ஊட்டுக்குங்க போறது? நான் என்னா தப்பு பண்ணேன்? அந்தம்மாவ இதே பெஞ்சியில குந்த வச்சி, டீ வாங்கிக் குடுத்து, கேசப் பத்தி வெவரமா சொல்லிக்கினுதான இருந்தேன்!

மூணாவது... போச்சு. பாவம், அந்தச் சவுரிராயன் பொண்டாட்டி புள்ளைங்க... ஏங்க! ஏங்க பெரியவரே! துண்ட உட்டுட்டு எங்க ஓடுறீங்க?

பாத்தியா டீ மாஸ்டரு, பேசிக்கினு இருக்கும்போதே எழுந்து ஓடுறாரு. இந்த ஜனங்களுக்கு ஒழச்சு என்னா பிரயோஜனம்? இந்தா பாரு, கட்டு மேல என் கையால எழுதுனது. நூத்தி பதினாலு பை எண்பத்தி ரெண்டு. பிரதிவாதி... வல்லம்...

அய்யய்யோ!

சவுரிராயன்! யோவ் சவுரிராயன்! நில்லுங்க... கட்டு எங்கிட்ட இருக்குது!