மரவுரிக் கிஸிட்டோ

நல்ல மரவுரியைக் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது, அஃபாண்டே. முகர்ந்து பார்த்து வாங்க வேண்டும். சரியாக அடித்துக் காயவைத்த பட்டையில் மழை நின்ற மறுநாளின் மண்வாசனை இருக்கும். படம் வரைய மெல்லியது, பிணம் சுற்றத் தடித்தது. நாற்பது வருஷமாக மரவுரிக்காரன் கசூலேயிடம் நான் மெல்லியதைத்தான் வாங்கிவந்தேன். இந்த முறை தடித்ததை வாங்கினேன் என்று அவன் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது உண்மைதான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

செமண்டா செத்ததைச் சொல்வதென்றால் படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் பங்குக் கோயிலில் பீடத்துக்கு இடதுபக்கம் தொங்கிய புனிதர் கிஸிட்டோ படம் நான் வரைந்தது. வேதத்தை விடச் சொல்லி அரசன் மிரட்டியும் விடாததற்காக நாணலில் சுருட்டி எரிக்கப்பட்டவர்களில் அவர்தான் சின்னவர் என்பது உங்களுக்குத் தெரியும். கற்பனை முகத்துக்கு யாரும் முழங்கால் போட மாட்டார்கள் என்பது என் கட்சி. அதனால் ஊரில் நல்ல முகமாகத் தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. ஞானஸ்நானத்தில் நான் கையில் ஏந்திய பிள்ளை செமண்டாவுக்கு அப்போது பதினாலு வயது. தகப்பன் இல்லாத பிள்ளை, என்னைத்தான் அப்பா என்று கூப்பிடுவான். என் பட்டறையில் அவன் உடம்பில் நாணலைச் சுற்றி வாழைநாரால் கட்டி நிறுத்தினேன். கழுத்தில் கூசுகிறது என்று சிரித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சிரிப்பை அப்படியே வரைந்துவிட்டேன். நெருப்புக்கு நடுவே சிரிக்கும் பிள்ளையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். காய்ச்சல்காரக் குழந்தைகளைப் படத்துக்குக் கீழே கிடத்தினார்கள். நான் பெற்றிருந்தால்கூட அவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டேன்.

வளர்ந்தான். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தாடி விட்டான், வாழைச் சாராயம் குடித்தான். சந்தையில் பெண்கள், "ஏய் கிஸிட்டோ, எங்க கடன்காரனைக் காணாமப் பண்ணுய்யா" என்று கிண்டல் செய்வார்கள். அவனும் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பான். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பிள்ளை என்றால் பொறுத்துத்தானே போக வேண்டும்.

போன வருஷம் குடியை விட்டான். ஆற்றங்கரைத் தகரக் கூரைச் சபையில் சேர்ந்து மறுபடி பிறந்துவிட்டதாகச் சொன்னான். அதையும் பொறுத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, சந்தை நடுவே ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசினான். நான் சாயப்பொடி வாங்கிக்கொண்டு பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன்.

"அந்தப் படத்துல இருக்கறது புனிதர் இல்ல, நான்தான். கரும்பு திருடி அடி வாங்கினவன். எங்கிட்டயா முழங்கால் போடறீங்க? எந்திரிங்க, போய் ஆண்டவர்கிட்டப் போடுங்க."

என்னைப் பார்த்துவிட்டுக் கையும் ஆட்டினான். அப்படியொரு வெள்ளை மனசு. நான் கொடுத்த முகத்தை வைத்துக்கொண்டே என் தலையில் கல்லைப் போட்டான்.

அதற்குப் பிறகு மெழுகுவர்த்தி குறைந்தது. பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் கரும்பு தின்பதுபோல ஜாடை காட்டின. மே மாதம் பாதர் வாஸ்வா என்னைக் கூப்பிட்டார். தேநீர் கொடுத்தார், வேர்க்கடலை கொடுத்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"லுபோவா மாஸ்டர், படத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா படத்துல இருக்கறவன் சந்தையில நின்னு நம்மளையே ஏசறான். திருவிழாவுக்குள்ள இறக்கிடலாம். கம்பாலாவுல அச்சுப் படம் சொல்லியாச்சு."

வீட்டுக்கு வந்தேன். யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிதாகத்தான் இருந்தது. ஒரு முகம், அதற்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள். ஒருவன் பதினாலு வயதில் நின்று நம்பிக்கையைக் காப்பாற்றுகிறான். இன்னொருவன் தாடியோடு நின்று அதைக் கெடுக்கிறான். இரண்டு பேரையும் வளர்த்தவன் நான். யாரை வைத்துக்கொள்வது என்று வேறு யார் முடிவு செய்ய முடியும்?

வியாழக்கிழமை கசூலேயிடம் போய் மரவுரி வாங்கினேன். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் எனக்கு இல்லை. முன்கூட்டியே எல்லாம் செய்துவைப்பது என் சுபாவம், அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

ஞாயிறு மதியம் வரச்சொல்லி செமண்டாவுக்கு ஆள் அனுப்பினேன். படத்தில் முகத்தை வேறு ஆளுடையதாக மாற்றப்போகிறேன், பழைய ஜாடை எங்கெங்கே இருக்கிறதென்று பார்க்க ஒரே ஒரு முறை வந்து நில் என்றேன். சந்தோஷமாக வந்தான். அவன் அம்மா நகிமுலி வாழைக்காயை அவித்து மசித்து இலையில் கட்டிக்கொடுத்த மத்தோக்கேயைக் கொண்டுவந்தான். இரண்டு பேரும் சாப்பிட்டோம். சந்தையில் அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டான். "உங்களைச் சொல்லலப்பா, படத்தைத்தான் சொன்னேன்" என்றான். படமும் நானும் வேறு வேறு என்று இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறான்.

காய்ந்த நாணலைச் சுற்றினேன். வாழைநாரால் கட்டினேன். எரிந்துபோனால் தடயம் இருக்காது என்பதற்காக அல்ல, அன்றைக்கும் வாழைநார்தான். தோள் அகலமாகிவிட்டதால் இரண்டு கட்டு அதிகம் தேவைப்பட்டது.

"சிரிக்கட்டுமாப்பா, அன்னிக்கு மாதிரி?" என்று கேட்டான்.

சிரிக்கச் சொன்னேன். சரியாக வரவில்லை. வண்ணம் கரைக்கும் எண்ணெயைப் பட்டறையின் பின்சுவரில் ஏற்கெனவே ஊற்றிவைத்திருந்தேன். அவனுக்குப் பின்னால் போய்த் தீக்குச்சியைக் கிழித்தேன். அது நாணல் சுவர்தானே, நேரம் எடுக்கவில்லை. புகை அவனுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"அப்பா, எங்கயோ தீ பிடிச்சிருக்கு. என்னை அப்புறம் அவுத்துக்கலாம், நீங்க முதல்ல வெளிய போங்க."

அவன் சொன்னபடியே வெளியே போனேன். கதவைச் சாத்தினேன். பட்டறையும் நாற்பது வருஷச் சாமான்களும் போயின. நானும் இழந்திருக்கிறேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

விபத்து என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். சாவு வீட்டில், "அசல் கிஸிட்டோ மாதிரியே போயிட்டானே" என்று ஒருத்தி அழுதாள். கோயிலில் அன்றே மெழுகுவர்த்திகள் எரிந்தன. பாதரே அச்சுப் படத்தை வேண்டாமென்று சொல்லப்போவதாகச் சொன்னார். நான் நினைத்தது நடந்துவிட்டது. என் மரவுரியை நகிமுலியின் முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. பாதரைப் பார்த்துச் சொன்னாள்:

"எம்புள்ளைக்கு முகமே இல்ல சாமி. அங்க தொங்கறது அவன் முகம். எனக்குத் திருப்பிக் குடுங்க."

கொடுத்துவிட்டார், அஃபாண்டே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு பேர் போய்ப் படத்தைச் சட்டத்திலிருந்து உருவினார்கள். மெல்லிய மரவுரி, பிணம் சுற்ற லாயக்கில்லாதது. அதில்தான் அவனைச் சுற்றிப் புதைத்தார்கள். தாய், பாதர், ஊர், எல்லோரும் சேர்ந்து எனக்குத் துரோகம் செய்துவிட்டார்கள். நான் அழுததைப் பார்த்து அவனுக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

நாளைக் காலை குழியைத் தோண்டப் போவதாக உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். நல்லது. செமண்டாவை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். தோண்டுகிறவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கடைசி ஓரடி மண்ணைக் கையால் அள்ளட்டும். என் பிள்ளையின் முகம் மேல்பக்கமாக இருக்கிறது. சின்னப் பையன், ஒரு கீறல்கூடத் தாங்க மாட்டான்.