வெளியே வரும் அம்பு

படம் வரையும்போது நான் எப்போதும் பென்சிலில்தான் தொடங்குவேன். கணினியில் வரைந்தால் சீக்கிரமே அழகாகிவிடும். அழகான படத்தில் யாரும் தப்பு தேடுவதில்லை.

என் தொழில் மென்பொருள் வடிவமைப்பு. ஓர் இயந்திரம் எந்தெந்த நிலையில் இருக்கலாம் என்பதைக் கட்டங்களாகப் போடுவேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகும் என்பதற்கு அம்புகள். அதைப் பார்த்துத்தான் நிரல் எழுதுவார்கள்.

என் மனைவியின் அண்ணன் குளிர்பதனக் கிடங்கு வைத்திருந்தார். அதன் கதவுகளுக்கான மென்பொருளை என்னிடம் கொடுத்தார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் என் படத்தைத் தூக்கிக் காட்டி, "மாப்பிள்ளை கட்டம் போட்டே காலத்தை ஓட்டுறாரு. என் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ்லயே இதைவிட நல்லா போட்டா" என்றார். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று மாலை ஓர் அம்பை அழித்தேன். கதவு பூட்டியிருக்கையில் உள்பக்கப் பொத்தானை அமுக்கினால் திறக்க வேண்டும் என்று காட்டும் அம்பு அது.

நிரல் எழுதும் பெண் கவனித்துவிட்டாள். "சார், உள்ளே மாட்டிக்கிட்டா எப்படி வெளியே வர்றது?"

"வெளியே ஆள் இருப்பாங்கம்மா" என்றேன். பொய்யில்லை.

மச்சானிடம் படத்தை நீட்டி, நிதானமாகப் பார்க்கச் சொன்னேன். "இதுல பார்க்க என்ன இருக்கு?" என்று கையெழுத்துப் போட்டார். நான் எதையும் மறைக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆட்களுக்கு லீவு விட்ட ஒரு நாளில் கதவைச் சோதித்தோம். மீனை ஒரே பகலில் கல்லாக்கும் அறை அது. மச்சானை உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். அரைக்கைச் சட்டையோடு போனார். கதவு தானாக மூடிப் பூட்டிக்கொண்டது. அந்தச் சுவர்களுக்குள் செல்போன் எடுக்காது. வெளிப்பக்கத்தில், என் கைக்கெட்டும் தூரத்தில், 'திற' என்ற பொத்தான் பச்சையாக எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் தட்டத் தொடங்கினார். "மாப்பிள்ளை, பட்டன் வேலை செய்யல. திறங்க" என்று மெல்லியதாகக் கேட்டது. பிறகு "தம்பி" என்றார். அதற்கு முன் என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. சத்தம் நின்ற பிறகும் சாயங்காலம் வரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

திறந்திருக்கலாம்தான். ஆனால் தட்டினால் திறக்க வேண்டும் என்று அவர் கையெழுத்துப் போட்ட படத்தில் எங்கும் இல்லை.