மேடையில் அடித்த சத்தியம்

கிட்ட வந்து உட்காருங்க... அந்த லாம்பைக் கொஞ்சம் இறக்குங்க. இது எனக்குத் தெரிஞ்சவங்க வீட்டுல நடந்தது. ஜப்பான்காரன் நம்ம ஊரைப் பிடிச்சு ஆண்ட காலம்.

பொழுது சாஞ்சு ஏழு மணி. பிரிக்பீல்ட்ஸ் ரோட்டுல ஈ காக்கா கிடையாது. லூசி மட்டும் தனியா நடக்குறா. ரயில்வே குவாட்டர்ஸ் பொண்ணு. கேபரேங்கிற ராத்திரி ஆட்டக் கொட்டகைல பாடுற வேலை... ரெண்டு பிடி அரிசிக்காக. வீட்டுல அம்மா மட்டும்தான். தம்பி மாரிஸை சயாம் காட்டுல ரயில் ரோடு போட ஜப்பான்காரனுங்க லோரில ஏத்திட்டுப் போயிட்டானுங்க. ஒரு தகவலும் இல்ல. அம்மா ராத்திரி பூரா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாங்க. லூசிக்கும் தூக்கம் ஏது?

அப்போ கேபரேல ஒரு புது ஆட்டம். சாத்தான்கிட்ட தன்னை வித்த படிச்சவன் கதை இருக்குல்ல... அதைப் பொம்பளையா மாத்தி, பாட்டும் கூத்துமா. லூசிதான் அந்தப் பொம்பளை. வேலாயுதம் அண்ணன் சாத்தான். கறுப்புக் கோட்டு, மூஞ்சி நிறைய மரவள்ளி மாவு. "செத்த காதலன் வருவான். ஆனா உன்னை மறந்துடுவான். சம்மதமா?"ன்னு கையை நீட்டுவார். அவ அந்தக் கையில அடிச்சு சத்தியம் பண்ணணும்.

ஆனா கை படக்கூடாது. "கூத்தா இருந்தாலும், கையில அடிச்சா சத்தியம் சத்தியம்தான் லா"ம்பார் வேலாயுதம். விரல் படுறதுக்கு முன்னாடியே லூசி நிறுத்துவா. டப்புன்னு சத்தம் டிரம்காரன் கொடுப்பான்.

அன்னிக்கு... சாத்தான் கிட்ட வந்தப்போ மாவு வாசம் இல்ல. சேறும் சுண்ணாம்பும் கலந்த வாடை. பொணம் புதைக்கக் குழி வெட்டுற எடத்துல வருமே, அது. காதோரம் குனிஞ்சு, ஆட்டத்துல இல்லாத ஒரு கேள்வி...

"யாரு வேணும்?"

வாய் தவறி வந்துடுச்சு. "மாரிஸ்."

விலை என்னன்னு சொல்லாமலே கை நீண்டுச்சு. அவ நிறுத்தல. ஓங்கி அடிச்சா. பளார்னு கேட்டுச்சு... டிரம்காரன் குச்சி அந்தரத்துலயே நின்னுச்சு.

அவ மேடைக்குப் பின்னால வந்தா, பின்வாசல் வழியா மூச்சிரைக்க வரார் வேலாயுதம். மூஞ்சில மாவே இல்ல. "மன்னிச்சுக்கோ லூசி, பாலத்துல ஜப்பான்காரன் நிக்க வச்சுட்டான். ஆட்டத்தை நிறுத்திட்டீங்களா?"

ஜப்பான் சண்டை முடிஞ்சு மாரிஸ் வந்தான். எலும்பும் தோலுமா... ஆனா உசுரோட! அம்மாவைக் கட்டிக்கிட்டான். பக்கத்து வீட்டு வாலண்டைனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். லூசியைப் பார்த்து, "இவங்க யாரும்மா?"ன்னான்.

"உன் அக்காடா! காய்ச்சல்ல புத்தி பிசகிடுச்சா?"ன்னு அம்மா அழுதாங்க. லூசிக்குத்தான் காரணம் தெரியும். ஆனாலும் சந்தோஷம்தான். மறந்தா மறக்கட்டும், தம்பி வந்துட்டானே. ஆட்டத்துல சொல்ற விலை அவ்வளவுதானே!

மறுநாள் காலைல அடுப்படிக்குப் போனா. அம்மா திரும்பி அவளை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ? வேலை தேடி வந்தியா?"

"அம்மா..."

"அம்மான்னெல்லாம் வேணாம்மா. ஆன்டின்னு கூப்பிடு. இரு, எங்களுக்கும் ஒரு ஆள் தேவைதான்."