அவசரத்துக்கு மட்டும் நிற்கலாம்

தலைமைக் கதிரையை நிறைத்தும் தூக்கத்தை மறைத்தும் வீற்றிருக்கும் பத்திநாதர் மாஸ்ரர் அவர்களே! முன்வரிசையில் வெற்றிலையையும் என்னையும் சேர்த்து மெல்லக் காத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும், கண்ணை வாசலில் கழற்றிய புதுச்செருப்பிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசை வாங்கிலிருந்து கூவப்போகும் கரம்பொன் காளையர்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன். 

என் தலைப்பு, 'வேகப்பாதைகளின் வீதிக் குறியீடுகள்'. வேகப்பாதையா? நம் தீவிலா? இங்கே வேகமாகப் போவது வதந்தி ஒன்றுதானே! பஸ்கூட, படுத்த மாடு எழும்பும்வரை பணிவோடு நிற்கிறதே! பின் ஏன் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்? காரணம், பெண்கள் பக்கத்தில் பச்சைச் சேலையோடு என்னை முறைத்துக்கொண்டு இருக்கிறது. என் அக்கா அன்ரனிட்டா.

அக்காவின் கணவர் டெனிஸ்ரன் அத்தான் கனடாவில். கலியாணச் சோடனை வாடுமுன்னே விமானம் ஏறியவர். ஞாயிறுதோறும் பின்னேரம் நாலு மணிக்கு, சந்தியில் மரியநாயகம் அண்ணையின் கடைக்கு ரெலிபோன் எடுப்பார். தவக்காலம் தொடங்கியதிலிருந்து அக்கா அந்தப் பக்கமே போவதில்லை. போகிறவன் நான்.

"மச்சான், அவளைக் குடு."

"அக்காவுக்குத் தலையிடி, அத்தான்."

"போன கிழமையும் தலையிடி எண்டல்லோ சொன்னனீ?"

"அது இடப்பக்கம். இது வலப்பக்கம்."

சிரிக்கிறீர்களா? தலையிடி, பல்லுக்கொதி, கால்சுளுக்கு எல்லாம் தீர்ந்துபோயின. புதிய வருத்தம் கைவசம் வைத்திருப்போர் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கவும்!

அக்காவுக்கென்று வைத்திருந்த கதையை அத்தான் என்னிடம் எப்படிச் சொல்வார்? போனை வைக்கவும் மனம் வரவில்லை. ஆகவே, அங்கே லொறி ஓட்டும் சோதனைக்குத் தான் படித்த வேகப்பாதைக் குறியீடுகளைச் சொன்னார். பச்சைப் பலகை, வெளியேறும் வழி வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும். தவறவிட்டால்? தடுமாறாதே, பின்னால் திரும்பாதே. அடுத்த வழி வரும், அதில் இறங்கு. மஞ்சள் சாய்சதுரத்தில் தடித்த கோட்டோடு மெல்லிய கோடு வந்து சேர்ந்தால், இரண்டு ஓட்டம் ஒன்றாகும் இடம், இடிக்காமல் இணை. சிவப்புப் பலகை, பிழையான வழி. அதை வாசிக்கிறவன் ஏற்கெனவே பிழைவிட்டவன்! தலைகீழ் முக்கோணம், வழி விடு. இன்னொரு பலகை சொல்லும்: அவசரத்துக்கு மட்டும் நிற்கலாம்.

அந்தக் கடைசிப் பலகையில்தான் சபையோரே, என் அத்தானின் வாழ்க்கை இடறியது.

வேகப்பாதையில் ஓடிக்காட்டும் சோதனை. சித்தியடைந்தால் லொறி வேலை. வேலை கிடைத்தால் அக்காவைக் கூப்பிட அலுவல் பார்க்கலாம். பக்கத்தில் சோதனை அதிகாரி. ஓட்டம் ஒழுங்கு, திருப்பம் திறம். அப்போது பாதையோரம் ஒரு கார், முன்பக்கம் புகை, கதவில் உதவி கேட்டுக் கட்டியிருந்தது ஒரு வெள்ளைத் துணி. அருகே ஒரு வயதான மனுசி. அத்தான் ஒதுக்கி நிறுத்தி, இறங்கியும் விட்டார்!

"ஏன் நிறுத்தினாய்?" என்றார் அதிகாரி.

"துணி கட்டியிருக்கு, ஐயா."

சோதனையில் தோல்வி. டேய் மிரோஜன், கூவாதே! பிரேக் இல்லாத சைக்கிளில் வந்தவனுக்குச் சிரிப்பென்ன சிரிப்பு?

செய்தி கேட்ட அக்கா, போனிலேயே வெடித்தாள்: "உங்களை ஆர் நிக்கச் சொன்னது? அவ்வளவு காரும் போச்சுது தானே! உங்களுக்கு மட்டுமோ கண் இருந்தது?" போனை வைத்தவள்தான். அவளைக் குறை சொல்லாதீர்கள், தாய்மார்களே! குளிருக்குப் போடும் சட்டையை வாங்கிவைத்து, நம் வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டுப் பார்ப்பவள் அவள். அது கோபமா? காத்திருந்து காத்திருந்து கனத்துப்போன அன்பல்லவா?

அக்கா, முறைத்தபடியே கேள். இதோ நம் அப்பா சில்வெஸ்ரர். இருட்டினால் ஒரு வள்ளமும் கடலில் நிற்கக்கூடாது, நின்றால் சுடுவார்கள் என்றிருந்த யுத்த காலத்தில் வள்ளத்து மெசின் பழுதாகி, சட்டையைக் கழற்றித் தடியில் கட்டினாரே! வள்ளங்கள் கண்டன, கடந்தன. அவர்களுக்கும் உயிர் ஒன்றுதானே? ஒரேயொரு நெடுந்தீவு வள்ளம் திரும்பியது. கரைவரை கட்டி இழுத்து வந்தது.

"தம்பி, உம்மடை பேரென்ன?" அப்பா கேட்டார்.

"பேர் என்னத்துக்கு அண்ணை? துணி கட்டியிருந்தது, வந்தனான்."

தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றுமுதல் ஆண்டுதோறும் கோயில் திருநாளில் ஒரு மெழுகுதிரி கூடுதலாக ஏற்றுகிறவள் யார்? நீ! கலியாணம் முடித்த கிழமை வந்த திருநாளில், பக்கத்தில் நின்ற அத்தான் கேட்டார், "இது ஆருக்கு?" நீ சொன்னாய், "நிண்டவருக்கு."

ஆர் நிற்கச் சொன்னது என்று கேட்டாயே அக்கா, நீதான் சொன்னாய்! அவசரத்துக்கு மட்டும் நிற்கலாம் என்கிறது பலகை. யாருடைய அவசரம் என்று அது சொல்லவில்லையே! எழுதாமல் விட்ட அந்த இடத்தை, உன் மெழுகுதிரி வெளிச்சத்தில் வாசித்தவரல்லவா உன் புருசன்?

அடுத்த மாதம் அவருக்கு மறுபடியும் சோதனை. போன ஞாயிறு குரல் இறங்கிச் சொன்னார்: "மச்சான், அவளிட்டைக் கேட்டுச் சொல்லு. திரும்பவும் துணியைக் கண்டால் நான் நிக்கவோ, போகவோ?"

இதற்கு நான் பதில் சொல்ல ஏலாது, அக்கா. தலையிடி என்றும் சொல்ல ஏலாது.

மணியில் கை வைக்காதீர்கள் மாஸ்ரர், முடிக்கிறேன். இன்றும் ஞாயிறு, நாலு மணியாகப் போகிறது. அக்கா எழும்புகிறாள்! எனக்கு அடிக்கவோ? இல்லை... வாசலுக்குப் போகிறாள். செருப்பைத் தேடுகிறாள். ஆருடையதென்றாலும் போட்டுக்கொண்டு போ, அக்கா! வாசலை மறித்து நிற்கும் அண்ணைமாரே, சைக்கிள்களை எடுங்கள். தலைகீழ் முக்கோணம் நினைவிருக்கிறதா? வழி விடுங்கள்!

வழிவிட்ட உங்களுக்கும், வழியில் நின்ற அந்த நெடுந்தீவாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. செருப்பைப் பறிகொடுத்த தாய்க்குத் தனியாக ஒரு வணக்கம்!