வெறும் சுளுக்குதான்

நான் போடும் டீயில் சர்க்கரை எப்போதும் ஒரு ஸ்பூன் தூக்கலாகத்தான் இருக்கும், மேடம். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி அதைச் சொல்லிக்காட்டியிருக்கிறாள். அதையும் உட்கார்ந்து சொன்னதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். காலில் சக்கரம் கட்டியவள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். நான் ஒரு கிளினிக்கில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன், அதாவது வீட்டுக்குக் காவல். கொரோனா ஊரடங்கு வந்ததும், மறைப்பானேன், எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் அம்மணி வீட்டுக்குள்ளேயும் ஓரிடத்தில் உட்காரவில்லை.

குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. இத்தனை காலம் டாக்டர் பக்கத்தில் நின்றவனுக்கு இது தெரியாதா? இடுப்பெலும்பு முறிந்திருந்தது. “ஒண்ணுமில்லம்மா, வெறும் சுளுக்குதான்” என்றேன். பயந்துவிடக் கூடாதல்லவா.

வலி தாங்காமல், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுதாள். நானும் போன் செய்யாமல் இல்லை. “எலும்பு முறிவுக்குத் தனி வார்டு இருக்கு சார், கொரோனா கேஸ் அந்தப் பக்கமே வராது, உடனே கூட்டிட்டு வாங்க” என்றார்கள். பாவம், அந்த நெருக்கடியிலும் தன்மையாகப் பேசினார்கள். நான் உள்ளே வந்து, “பெட்டே இல்லையாம். போனா நோயை வாங்கிட்டுத்தான் வரணுமாம்” என்றேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மேடம்.

தன் போனைக் கேட்டாள். ரிப்பேர், கடை திறக்கட்டும் என்றேன். அது என் சட்டைப்பையில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. கூப்பிடுகிறவள் அவள் தங்கை. அக்காவுக்கு உன்மேல் கோபம், பேச மாட்டாளாம் என்று அவளிடம் சொன்னேன். உன் தங்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று இவளிடம் வருத்தப்பட்டேன். தேடிவந்த மாணவிகளிடம், தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். ஒரு வீட்டில் நோயாளி இருந்தால் நாலையும் சமாளிக்கத்தானே வேண்டும்?

கடைகள் திறந்தன. அப்புறம் நோயும் ஓய்ந்தது. தெருவில் எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிப்போட்டார்கள். நான் மட்டும் அவள் அறைக்குள் போகும்போது மாட்டிக்கொள்வேன். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய் வருடம் திரும்பிவிட்டது.

ஆளும் லேசுப்பட்டவள் இல்லை. “வெளிய வண்டி ஓடுதே?” என்பாள் ஒருநாள்.

“பால் வண்டிம்மா.”

“பால் வண்டிக்காரன் இப்படியா விட்டுவிட்டு ஆக்சிலேட்டர முறுக்குவான்? யாரோ புதுசா கத்துக்கிற பொண்ணு.”

என்ன காது பாருங்கள்! சிரித்துவிட்டேன். அன்றைக்கே ஜன்னலை அடைத்து அலமாரியை நகர்த்திவைத்தேன்.

மற்றபடி எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. நான் ஊட்டிவிடுவேன், துடைத்துவிடுவேன், தலை வாரிவிடுவேன். வலி கூடினால் மாத்திரை தருவேன். என் டீயைக் குறை சொல்வதைக்கூட விட்டுவிட்டாள்.

போன வாரம் தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். நேரே அறைக்குள் போய்விட்டாள். “மாஸ்க் போடாம வராதடி, செத்துப்போயிடுவ” என்று இவள் பதறியது கூடம்வரை கேட்டது. தங்கை சொல்லவேண்டியதைச் சொன்னாள். அதன்பிறகு இவள் கதவருகே நின்ற என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே தங்கை இவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, உங்கள் ஸ்டேஷனிலும் புகார் கொடுத்துவிட்டாள்.

ஆமாம், மேடம், எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எலும்பு கோணலாகக் கூடிவிட்டதாம், ஆபரேஷன் செய்தாலும் பழையபடி நடப்பது கஷ்டமாம். என்னை வார்டு பக்கம் விடக் கூடாது என்று அவளே நர்ஸிடம் சொல்லியிருக்கிறாளாம். மருந்து மயக்கத்தில் உளறியிருப்பாள். தங்கை எத்தனை நாள் கூட இருப்பாள்? பார்த்து என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், மேடம். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?