தண்ணீர் திறக்காத பயிற்சி: பாதுகாப்பு அலுவலர் ஞானராஜ் அவர்களுக்கு பிரியாவிடை மடல்

2025ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, திண்டுக்கல் நகரை ஒட்டிய எங்கள் தோல் பதனிடும் ஆலையின் உணவுக்கூடத்தில், ஐம்பத்தெட்டு வயது நிறைந்து ஓய்வுபெறும் பாதுகாப்பு அலுவலர் திரு. ஞானராஜ் அவர்கள் முன்னிலையில் இம்மடல் வாசிக்கப்படுகிறது. ஈராண்டுப் பணி நீட்டிப்பு உண்டு என்று நிர்வாகம் முன்னர் அறிவித்திருந்தது. அது தரப்படவில்லை.

அமிலமும் குரோமியமும் அன்றாடம் புழங்கும் கூடத்தில் அயராது நடந்து, அஞ்சாது கண்டித்து, பதினாறு ஆண்டுகள் எங்கள் கண்களையும் கைகளையும் காத்து நின்ற பெருந்தகையீர்,

இத்தகைய மடல்களில் 'என்றும் மலர்ந்த முகத்தினர்' என்று எழுதுவது மரபு. தாங்கள் மலர்ந்து நாங்கள் கண்டதில்லை. கிழிந்த கையுறையைக் கண்டால் கடிந்தீர்கள். காலணி இன்றி வந்தவரை வாயிலிலேயே மறித்தீர்கள். மூடியற்ற கேன் ஒன்று கண்ணில் பட்டால் பகலுணவையே மறந்தீர்கள். பொய்ப் புகழ்ச்சி தங்கள் ஒழுங்குக்கு இழுக்காதலால், நடந்ததை நடந்தவாறே சொல்கிறோம்.

ஆண்டுதோறும் நிகழும் புத்தாக்கப் பயிற்சியில், ஆசிட் தெறித்தால் அவசரக் குளியல் குழாயடிக்கு ஓடி, கைப்பிடியை இழுத்து, கால்மணி நேரம் நீரில் நிற்க வேண்டும் என்று கற்பித்தீர்கள். முதலாண்டு கைப்பிடியைத் தாங்கள் இழுக்கப் போகையில் மேற்பார்வையாளர் மதியழகன் தடுத்தார்.

“சார், வீட்டுல குடிக்கிறதுக்கே லாரி வருமான்னு குடத்தோட நிக்கிறோம். இங்க இம்புட்டுப் பேரையும் குளிப்பாட்டப் போறீங்களா?”

“சீயக்காயும் குடுத்துருங்க சார், தீவாளியையும் சேத்து முடிச்சிருவோம்” என்றார் ராமுத்தாய். கூடம் சிரித்தது.

தாங்கள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தீர்கள். பின்பு, “சரி, தண்ணி வர்றதா நெனச்சுக்கங்க” என்றீர்கள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஓடுவோம், கைப்பிடியைத் தொடுவோம், “ஆச்சு சார்” என்போம், விலகி அடுத்தவருக்கு இடம் விடுவோம். தண்ணீர் வேண்டும் என்று தாங்கள் ஆண்டுதோறும் கேட்டீர்கள். பஞ்சம் என்று நிர்வாகம் ஆண்டுதோறும் மறுத்தது. நனையாத உடையோடு நாங்களும் நிம்மதியாக வேலைக்குத் திரும்பினோம்.

கடந்த பிப்ரவரியில் ஒரு முற்பகல், கன்னிவாடியிலிருந்து வந்து போகும் பேச்சாயி கேனைச் சாய்க்கையில் ஆசிட் தெறித்து, பட்டை தளர்ந்த பாதுகாப்புக் கண்ணாடிக்குள் புகுந்தது. அவர் கதறவில்லை, தடுமாறவில்லை. எரிகின்ற கண்ணை மூடியவாறே நேராகக் குழாயடிக்கு ஓடினார். கைப்பிடியைத் தொட்டார். “ஆச்சு” என்றார். விலகி, முதலுதவி அறையை நோக்கி நடந்தார். பழகிய கை பழகியதைச் செய்தது. தாங்கள் ஓடிவந்து அவரை இழுத்துச் சென்று நீரில் நிறுத்துவதற்குள் வலக்கண் போயிற்று. அன்று மேல்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது.

அடுத்த மாதம் விசாரணை. பயிற்சி பெற்றும் அலட்சியமாக இருந்தார் என்று பேச்சாயியைப் பணிநீக்கம் செய்வதற்கான ஆணை தட்டச்சாகி மேசைமேல் இருந்தது.

“வருசா வருசம் சொல்லிக்குடுத்திருக்கு. ஒரு கைப்பிடிய இழுக்கத் தெரியாதாம்மா?” என்று கேட்டார் மேலாளர்.

“தொட்டேன் சார்” என்றார் பேச்சாயி. “எப்பவும் தொடுறாப்புலதான் தொட்டேன்.”

அறையில் இருந்த எவருக்கும் அது விளங்கவில்லை, தங்களைத் தவிர. பணி நீட்டிப்புக் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்த வாரத்தில் தாங்கள் எழுந்து நின்றீர்கள்.

“அந்தம்மா தப்புப் பண்ணல. நான் சொல்லிக்குடுத்தத அப்படியே செஞ்சாங்க. தப்பான பாடம் நடத்துனது நான். தண்ணி தராதது நீங்க.”

“யோசிச்சுப் பேசுங்க ஞானராஜ்” என்றார் மேலாளர்.

“யோசிச்சிருக்க வேண்டியது மொத வருசம் சார்.”

குற்றமே அற்றவர் என்று தங்களை எழுதினால் தாங்களே அந்த வரியை அடித்துவிடுவீர்கள், ஆகவே எழுதவில்லை. தம் குற்றத்தைத் தம்மினும் எளியவர் தலையில் ஏற்ற மறுத்தவர் என்று எழுதுகிறோம். இந்த ஆலையில் அப்படி எழுதத்தக்க வேறு பெயர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நிர்வாகத்தாருக்கான முன்வரிசை நாற்காலிகள் இன்று காலியாக இருப்பதும் அதனாலேயே.

கண்ணொளி குன்றாமலும் கால்வலி அண்டாமலும், துணைவியார் கிளாரா அம்மையாருடன் தாங்கள் நெடுங்காலம் நலமே வாழ வேண்டும். வீட்டிலேனும் தாங்கள் கேட்ட நேரத்தில் தண்ணீர் வரட்டும்.

இறுதியில் முடிவானவை இவை. பேச்சாயி மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அவர் தோல் தரம் பிரிக்கும் பகுதியில் பணி தொடர்கிறார். தங்கள் பணி நீட்டிப்பு மறுக்கப்பட்டது. பயிற்சியில் தண்ணீர் திறக்க நிர்வாகம் இன்னும் இசையவில்லை. தண்ணீர் திறக்காத பயிற்சியைப் பெற்றதாக இனி எவரும் பதிவேட்டில் கையொப்பம் இடுவதில்லை என்று தொழிலாளர்களாகிய நாங்கள் நேற்று முடிவு செய்தோம். இம்மடல் வாசித்து முடிந்ததும் அனைவரும் குழாயடிக்குச் செல்கிறோம், மாற்றுடை கொண்டுவந்திருக்கிறோம். கைப்பிடியை முழுவதும் இழுத்து, முதலில் நனைபவர் பேச்சாயி. அருகில் நின்று நேரம் பார்க்க வேண்டியவர் தாங்கள்.

தங்களிடம் பாடம் கற்ற
ஆலைத் தொழிலாளர்களும் அலுவலகப் பணியாளர்களும்