மதுவின் வாடை நன்கறிந்த எங்கள் மெய்ப்புத் திருத்துநருக்கு

எழுத்தில் பிழை பொறுக்காத ஏந்தலே! எழுத்தைக் கோத்தவனின் பிழையெல்லாம் பொறுத்த எங்கள் அண்ணலே! முப்பத்தாறு ஆண்டுகள் அச்சகத்தின் சன்னலோர மேசையில் மூக்குக்கண்ணாடியும் சிவப்புப் பேனாவுமாக அமர்ந்து, மலைமலையாய் வந்த தாள்களை மாசறுத்து அனுப்பிய புரூஃப் அண்ணனே! பணி ஓய்வு பெறும் இந்நாளில் தங்களுக்கு எங்கள் அனைவரின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

இம்மடலின் முதல் படி இப்படி இருக்கவில்லை என்பதை அவையோர் அறிய வேண்டும். தங்களுக்குத் தெரியாமல் எழுதி, தெரியாமல் அச்சிட்டு, மேடையில் தங்களைத் திக்குமுக்காட வைப்பதே எங்கள் திட்டம். ஆனால் எந்த மெய்ப்பையும் தங்கள் மேசைக்கே கொண்டுபோய்ப் பழகிய மெஷின்மேன், பழக்கதோஷத்தில் இதையும் அங்கேயே வைத்துவிட்டார். தமக்கான பாராட்டு மடலுக்குத் தாமே மெய்ப்புப் பார்த்துக் கொடுத்த பெருமை தங்களுக்கே உரியது!

திரும்பி வந்த தாளில், ‘மதுவின் வாடையும் அறியா மாண்பாளரே!’ என்ற வரி குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் தங்கள் கையெழுத்து: ‘தகவல் பிழை. நன்றாகவே அறிவேன்.’ மோனை அழகாக விழுந்ததே என்று எழுதிய வரி அது. உண்மைதானா என்று யாரும் யோசிக்கவில்லை. நாங்கள் அசடு வழிய நின்றோம். மேலாளர் மட்டும், “விடுங்கண்ணே, மேடையில பெரியவங்கல்லாம் இருப்பாங்க. அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?” என்று சொல்லிப் பார்த்தார். தாங்கள் விடவில்லை.

“கேக்கறவங்கள்ல ஒருத்தனாவது இன்னும் குடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். நான் பொறந்ததுல இருந்தே யோக்கியன்னு படிச்சீங்கன்னா, ‘இவருக்கு நம்ம கஷ்டம் எங்க தெரியப்போகுது’ன்னு எழுந்து போயிடுவான். அவன் போகக் கூடாது. முழுசா எழுதுங்க” என்றீர்கள்.

ஆகவே, முழுசாகவே எழுதுகிறோம்.

பத்தாண்டுகள் தாங்கள் குடித்தீர்கள். அந்நாளில் தங்கள் தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் இருந்ததே இல்லை. கண் சொருகிய ஒரு பிற்பகலில் தாங்கள் ஒப்பமிட்டு அனுப்பிய திருமண அழைப்பிதழில், பதினான்காம் தேதி பதினைந்தாகியிருந்தது. விருந்தினரில் பாதிப் பேர் மறுநாள் வந்து, பூட்டிய மண்டபத்தின் முன் பரிசுப் பொட்டலங்களோடு விழித்தார்கள். மணமகளின் தந்தை வந்து கிழி கிழியென்று கிழிப்பார் என்று காத்திருந்தோம். அவரோ அழைப்பிதழைத் தங்கள் மேசைமேல் வைத்து, “எம் பொண்ணு அன்னைக்கு முழுக்க வாசலையே பாத்துக்கிட்டிருந்தா, சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு, தங்கள் துணைவியார் கூப்பிடாமலேயே அவர் பின்னால் தேவாலயத்துக்கு நடந்தீர்கள். கடைசி வரிசையில், வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பக்கத்தில் இருந்தவர் முகம் சுளித்து நகர்ந்துவிடுவார் என்று நினைத்தீர்கள். அவர் தம் பாட்டுப் புத்தகத்தைத் தங்களுக்கும் தெரியும்படி சாய்த்துப் பிடித்தார். “ஆண்டவரே, என்னால ஆகல. நீர்தான் பாத்துக்கணும்” என்பதே தங்கள் முதல் ஜெபம். அதன் பிறகும் இருமுறை விழுந்தீர்கள். அதையும் எழுதச் சொன்னவர் தாங்களே. மூன்றாம் முறை இயேசுவின் கையைப் பிடித்து எழுந்த தாங்கள், இருபத்துமூன்று ஆண்டுகளாக அந்தக் கையை விடவில்லை. “நான் எங்கப்பா பிடிச்சேன், அவர்தான் பிடிச்சார்” என்று இந்த வரியையும் அடித்தீர்கள். அப்படியே ஆகட்டும், அவரே பிடித்தார்!

கரையேறிய தாங்கள் கரையில் சும்மா உட்காரவில்லை. புதன்தோறும் மாலையில் தேவாலயத்தின் பின்னறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக் காத்திருந்தீர்கள். ஐந்து வாரம் ஈ காக்கை வரவில்லை. ஆறாம் வாரம் மழைக்கு ஒதுங்கிய தச்சர் ஒருவர் வந்தார். இன்று பதினெட்டுப் பேர் வருகிறார்கள். மீண்டும் குடித்துவிட்டுத் தலைகுனிந்து நிற்பவருக்குத் தங்களிடம் உபதேசம் கிடையாது. “விழுந்துட்டியா? அடி பலமா? சரி உக்காரு, டீ வருது” என்பதோடு சரி. புதிதாக வந்தவரோடு, வேலை முடிந்ததும் மதுக்கடைத் தெரு வழியாகவே அவர் வீடுவரை நடப்பீர்கள். கடை வாசலைத் தாண்டும்போது கீர்த்தனை ஒன்றை உரக்கப் பாடுவீர்கள். சுதி சேராத அந்தப் பாட்டுக்குப் பயந்தே உள்ளே இருந்த இரண்டு பேர் எழுந்து ஓடியதாக ஒரு பேச்சு உண்டு.

மீளாமலே போன ஒருவரின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்துவிட்டு வந்த நாளில், தாங்கள் மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுததையும் கண்டோம். அடுத்த புதனன்றும் நாற்காலிகளைப் போட்டீர்கள்.

அண்ணனே! தாங்கள் சொன்ன அந்த ஒருவன் இந்த அறையில்தான் இருக்கிறான். அந்தப் பொய் வரியை எழுதியவனும் அவனே. பதினொரு நாட்களுக்கு முன், தங்கள் ஓரக்குறிப்பைப் படித்த மாலையில், கடைக்குப் போக எடுத்த பையை வைத்துவிட்டுத் தங்கள் மேசைக்கு வந்து, “அண்ணே, நானும்தான்” என்றான். அன்றிலிருந்து தினமும் அவனோடு நடக்கிறீர்கள். தாங்கள் ஓய்வு பெற்றுவிட்டால் தன் கதி என்னாகும் என்று அவனுக்கு ஒரே நடுக்கம். “வேலைக்குத்தான்டா ஓய்வு, ஆண்டவருக்கா ஓய்வு? நாளைக்கும் அஞ்சரைக்கு வாசல்ல நிக்கிறேன், வா” என்றீர்கள். இவ்வரிகள் அச்சில் இல்லை; உடன் பணிபுரியும் எவருக்கும் இந்தக் கணம்வரை இது தெரியாது.

தாங்கள் நீடூழி வாழ்க! துணைவியாரோடு நோயின்றி, குறைவின்றி வாழ்க! கண்ணுக்கு இனிமேல் வேலை குறைவு. கால்களுக்கு மட்டும் ஆண்டவர் கூடுதல் பலம் தரட்டும்!

அந்த ஒருவன் எழுந்து போகவில்லை, அண்ணே. எழுந்து நின்று இந்த மடலை வாசித்துக்கொண்டிருக்கிறான்.

இங்ஙனம்,
அச்சக ஊழியர் அனைவரின் சார்பில்,
தங்கள் அச்சுக்கோப்பாளன்